மனுவில் எழுதாத காரணங்கள்: குடும்பம் எங்கே விரிசல் விடுகிறது என்று எப்படிப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

குடும்ப நல நீதிமன்றத்தில் 15 வருடமாக வழக்கு நடத்துகிறேன். விவாகரத்து மனுவில் நாங்கள் வழக்கமாக எழுதுகிற காரணம் ‘கொடுமை’. 1955-ம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் சில காரணங்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கொடுமை, வேறொருவரோடு உறவு, 2 வருடத்துக்குக் குறையாமல் விட்டுவிட்டுப் போனது, மதம் மாறியது, தீராத மனநோய், இந்த மாதிரி. அதில் எது பொருந்துமோ அதைத்தான் எழுத முடியும். ஆனால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், “இனிமே முடியாதுன்னு முதல்ல எந்த நாள் தோணுச்சு?” என்று கேட்டால் வருகிற பதில் மனுவின் எந்தப் பத்தியிலும் இருக்காது.

ஒரு பெண் சொன்னாள்: “கரு கலைஞ்சிருச்சுன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து அவர்கிட்ட சொன்னேன் மேடம். அரை மணி நேரத்துல அவங்க சித்தி போன் பண்ணி, ஜாக்கிரதையா இருந்திருக்கக்கூடாதான்னு கேட்டாங்க. அவர் அதுக்கு அப்புறம்தான் வந்தார்.” இன்னொருவர், நன்றாகப் படித்த பையன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னது: “எனக்குச் சம்பளம் பாதியா குறைஞ்சது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுல, பந்தியில உட்கார்ந்திருக்கும்போது, மச்சான் எல்லார் முன்னாலயும் கேட்டான்.”

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான். வீட்டுக்குள் இரண்டு பேர் பேசித் தீர்க்க வேண்டிய பேச்சு, முதலில் வெளியே போக ஆரம்பிக்கிறது. பிறகு வெளியே மட்டுமே போகிறது. பணம், மாமியார், குடி, சந்தேகம் என்று நாம் சொல்கிற காரணங்கள் எல்லாமே உண்மைதான், ஆனால் அதே பிரச்சினைகளோடு 30 வருடம் வாழ்ந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருவரிடம் ஒருவர் முதலில் சொல்லிக்கொண்டார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு காரணத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடி, உதை, மிரட்டல், பட்டினி போடுவது, வெளியே விடாமல் பூட்டி வைப்பது, இதெல்லாம் உங்கள் வீட்டில் நடந்தால் ‘வெளியே சொல்லாதே’ என்ற பேச்சே உங்களுக்குப் பொருந்தாது. உடனே வெளியே சொல்லுங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், நேரே அங்கே போய்விடுங்கள்.

முதல் வேலை: ஒரு வாரம் கவனியுங்கள்

உங்களுக்கு ஒரு நல்லது நடந்தால், அல்லது மனசு உடைந்தால், யாருக்கு முதலில் போன் போகிறது? ஒரு வாரத்துக்கு உங்கள் போனை எடுத்து அழைப்புப் பட்டியலை நீங்களே பாருங்கள். அம்மாவா, அக்காவா, ஆபீஸ் தோழியா, கணவனா, மனைவியா? எப்போதாவது அம்மாவுக்கு முதலில் போவதில் தப்பே கிடையாது. ஏழு நாளில் ஒருமுறைகூட உங்கள் துணைக்கு முதலில் போகவில்லை என்றால் அதுதான் விரிசல். சண்டை எத்தனை முறை வருகிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சண்டை போடுகிற தம்பதி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அம்மா வீடும் அந்த ஸ்பீக்கர் போனும்

நம் ஊரில் கல்யாணம் என்பது இரண்டு குடும்பங்களின் விஷயம், அதை யாரும் மாற்ற முடியாது, மாற்ற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தலை தீபாவளி, ஆடிச் சீர், வளைகாப்பு, பிரசவம் என்று முதல் இரண்டு வருடமும் இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து போய்க்கொண்டுதான் இருப்பார்கள். பிரச்சினை அவர்கள் வருவதில் இல்லை. ராத்திரி சண்டை வருகிறது, மகள் அம்மாவுக்கு அழுதுகொண்டே போன் செய்கிறாள். காலையில் இரண்டு பேரும் சமாதானமாகி, அவன் காபி போட்டுக் கொடுத்து, சிரித்துப் பேசி ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சமாதானத்தை அம்மாவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அழுகை மட்டும்தான். அவர் அதை அப்பாவிடம் சொல்கிறார், அப்பா தம்பியிடம் சொல்கிறார், மூன்று நாள் கழித்து அவர்கள் கோபத்தோடு வந்து இறங்கும்போது இவர்களுக்கு எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே மறந்திருக்கும். பையன் வீட்டிலும் இதே கதைதான், அங்கே அழுகைக்குப் பதிலாக அம்மாவிடம் “அவ என்னை மதிக்கவே மாட்டேங்கிறா” என்ற ஒரு வரி போயிருக்கும்.

இதைச் சரிசெய்ய நான் எல்லாரிடமும் சொல்கிற வழி ஒன்று உண்டு. உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மருமகள் போய் மாமியாரிடம் “இனிமே எங்க விஷயத்துல தலையிடாதீங்க” என்று சொன்னால் அது ஜென்மப் பகை ஆகிவிடும். மகன் சொன்னால் அம்மாவுக்கு வருத்தம் இருக்கும், நாலு நாள் முகம் தூக்கி வைத்திருப்பார், அப்புறம் சரியாகிவிடும். மருமகன் மாமனாரிடம் நேரில் எகிறுவதும் அதேபோல்தான், மகள் பேசட்டும். பேசவேண்டியதும் பெரிதாக எதுவும் இல்லை. “அம்மா, அன்னைக்குக் கோபத்துல உங்ககிட்ட சொல்லிட்டேன். நாங்க பேசித் தீத்துக்கிட்டோம். நீங்க அதை மனசுல வச்சுக்காதீங்க.” சண்டையைச் சொன்னவர் சமாதானத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் அந்த ஸ்பீக்கர் போன். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒருவருடைய அம்மா வீடியோ காலில் வருகிறார், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார், “என்னடா வெறும் ரசம்தானா?” என்கிறார். அவர் பாசத்தில் கேட்கிறார். ஆபீஸிலிருந்து 8 மணிக்கு வந்து அந்த ரசத்தை வைத்தவளுக்கு அது எப்படிக் காதில் விழும்? சாப்பாட்டு நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். அம்மாவிடம் 9 மணிக்கு மேல் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

எதை வெளியே சொல்லலாம், எதைக் கூடாது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருமுறை பேசி வைத்துக்கொள்வது நல்லது. உடம்பு, குழந்தை, ஊருக்கு வருவது, இதெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். சம்பளம், கடன், படுக்கையறை, துணை நம்பிச் சொன்ன பழைய ரகசியம், இவை நான்கும் வீட்டுப்படி தாண்டக் கூடாது. தனிக்குடித்தனம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். போனவர்கள் நிறைய பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். வீடு மாறியது, போன் மாறவில்லை.

பணம்: என் வீட்டில் நடந்தது

இது என் சொந்தக் கதை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருடம். பீரோவில் கரண்ட் பில் ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தேன், ரேஷன் கார்டு நகலுக்கும் பழைய பில்லுக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு அடகுச் சீட்டு. என் ஆரம். 5 சவரன். சீட்டில் தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. அந்த எட்டு மாதத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம், “அதை லாக்கர்லேயே விட்டுடு, கூட்டத்துல எதுக்கு” என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்குத் தொகை வலிக்கவில்லை. மீட்பதற்குப் பணம் புரட்டிக் கொடுக்கிறேன் என்று சொன்ன அவருடைய நண்பருக்கு இது தெரிந்திருக்கிறது, அவர் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டு பேரும் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நகைக்கு உரியவளான எனக்கு மட்டும் தெரியாது. அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை, அடுத்த பத்து நாளும் பேசவில்லை. அந்தப் பத்து நாளில் நான் போய்விட்டிருந்தால் மனுவில் என்ன எழுதியிருப்பேன்? கொடுமை என்றுதான் எழுதியிருப்பேன்.

அவர் தம்பியின் தொழில் கடனுக்காக வைத்திருந்தார். கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன் என்று சொன்னபோது அவர் அழுதார். கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார். அதற்கப்புறம் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம், இன்றுவரை நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, டிபன் முடிந்ததும் அரை மணி நேரம். இரண்டு பேருடைய வங்கிக் கணக்கையும் திறந்து வைக்கிறோம். ஒரு நோட்டில் எழுதுகிறோம்: வந்த சம்பளம், வீட்டுக் கடன் தவணை, சீட்டு, கைமாற்று, கிரெடிட் கார்டில் பாக்கி, அடகு ஏதாவது இருந்தால் மீட்கவேண்டிய தேதி. அம்மா வீட்டுக்கு எவ்வளவு, மாமியார் வீட்டுக்கு எவ்வளவு என்பதையும் அதே நோட்டில் எழுதுகிறோம். மறைத்துக் கொடுக்கும் 2,000 ரூபாய் கிளப்புகிற சண்டையைத் தெரிந்து கொடுக்கும் 10,000 ரூபாய் கிளப்புவதில்லை.

நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் ஞாயிறு பயங்கரமாக இருக்கும், அதைத் தயாராகவே எதிர்பாருங்கள். ஏற்கெனவே மறைத்த கடன் வெளியே வரும். கடன் ஆப்பில் வாங்கியது, ஆன்லைன் ரம்மியில் விட்டது, அண்ணனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டது, எல்லாம் வரும். அன்றைக்கு ஒரே விதி: சொல்பவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த கடனை அவர் சொல்லவே மாட்டார். அத்தோடு, ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு மேல் செலவோ கடனோ என்றால் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 5,000. அதேபோல் இருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகை, கணக்கே கேட்கக் கூடாத பணம். அது இல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

நகை பற்றிச் சட்டம் சொல்வதையும் ஆண்கள் தெரிந்துகொள்வது நல்லது. பெண்ணுக்குக் கல்யாணத்தில் போட்ட நகை, கொடுத்த சீர் அவளுடைய சீதனம். அது முழுக்க அவளுக்கே சொந்தம், கணவன் வீட்டார் கையில் இருந்தாலும் அவளுக்காக வைத்திருப்பவர்கள்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘என் வீட்டு பீரோவில் இருக்கிறது, என் நகை’ என்ற எண்ணம் சட்டத்திலும் செல்லாது.

சொல்லிக் காட்டுவது

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியல் பேராசிரியர் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அதைப் பல வருடம் பதிவு செய்து ஆராய்ந்தவர். கல்யாணத்தை உடைக்கும் பேச்சு வகை நான்கு என்று சொன்னார். குணத்தையே குறை சொல்வது, இளக்காரமாகப் பேசுவது, எதைச் சொன்னாலும் தன் பக்கம் தப்பில்லை என்று தடுப்பது, வாயே திறக்காமல் சுவர் மாதிரி உட்கார்ந்துவிடுவது. இதில் இளக்காரம்தான் மிக மோசமானது என்பது அவர் கண்டது. என் அனுபவத்திலும் அதுதான். நம் பாஷையில் அது எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். “உங்க வீட்டு வளர்ப்பு அப்படி.” “உன் படிப்புக்கு இந்த மாப்பிள்ளையே ஜாஸ்தி.” “நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?” கண்ணை உருட்டுவது, எல்லார் முன்னாலும் அவர் பேசியதைப் பேசிக் காட்டிச் சிரிப்பது, இதுவும் அதே கணக்குதான்.

ஆளைத் தாக்குவதற்கும் நடந்த ஒன்றைக் குறை சொல்வதற்கும் வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. “நேத்து 9 மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு 11 மணிக்கு வந்தீங்க, நான் சாப்பிடாம உட்கார்ந்திருந்தேன்” என்பது குறை. அதில் ஒரு நாள் இருக்கிறது, ஒரு மணி இருக்கிறது, மன்னிப்புக் கேட்க இடம் இருக்கிறது. “உங்களுக்கு என்னைக்கு என் ஞாபகம் இருந்திருக்கு” என்பதில் மன்னிப்புக் கேட்க எதுவுமே இல்லை, திருப்பி அடிக்கத்தான் தோன்றும். ஆகவே வாயைத் திறப்பதற்கு முன் இன்றைக்கு நடந்ததை மட்டும் பேசுகிறேனா என்று பாருங்கள். ‘எப்பவும்’, ‘என்னைக்குமே’, ‘உங்க வீட்டுல’ என்ற வார்த்தைகள் வாயில் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கோபம் தலைக்கு ஏறிவிட்டால் எந்த அறிவுரையும் வேலை செய்யாது. நெஞ்சு படபடக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது, அது உடம்பின் இயல்பு. எழுந்து போங்கள், குறைந்தது 20 நிமிடம். ஆனால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்: “எனக்கு இப்போ பேச முடியல, 10 மணிக்குப் பேசலாம்.” 10 மணிக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவதும் சொல்லிவிட்டுப் போவதும் ஒன்றல்ல. முதலாவதில் மற்றவர் அனாதையாகிவிடுகிறார்.

பேசாமல் இருக்கும் நாட்களை எண்ணுங்கள். குழந்தையைத் தூது விட ஆரம்பித்துவிட்டீர்களா? “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “அம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு.” நடு ஹாலில் ஐந்து வயசுக் குழந்தை இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கும், இரண்டு பேரும் ஆறடி தூரத்தில்தான் இருப்பார்கள். இந்த நிலைக்கு வந்துவிட்டால் நீங்களாகவே சரிசெய்துகொள்வது கஷ்டம். ஒரு கவுன்சிலரிடம் போங்கள். மாமா, சித்தப்பா வைக்கிற பஞ்சாயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் மிஞ்சும்.

வீட்டு வேலை

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அந்த 97 நிமிடக்காரர்களும் அந்த வேலையை ‘ஹெல்ப்’ என்றுதான் சொல்கிறார்கள். ஹெல்ப் என்றால் வேலை அவளுடையது என்று அர்த்தம், என்ன செய்யவேண்டும் என்று யோசிப்பதும் ஞாபகப்படுத்துவதும் அவள் தலையில்தான். அதற்குப் பதிலாக ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ஸ்கூல் டிபன் உங்கள் பொறுப்பு என்றால் நாளைக்கு என்ன என்று யோசிப்பது, காய் வாங்குவது, செய்வது, டப்பாவைக் கழுவுவது வரை உங்களுடையது. அப்போது அவள் அதில் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது. தோசை வட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

யாரும் பேசாத விஷயம்

கல்யாணமாகி எட்டு மாதம், ஒரு வருடம் ஆகியும் தாம்பத்தியம் நடக்காமல் வருகிற தம்பதிகள் நிறைய. பெண்ணுக்குப் பயத்தில் தசை இறுகி வலி வரும், பையனுக்குப் பதற்றத்தில் முடியாமல் போகும், இரண்டும் மருத்துவத்தில் தெரிந்த, பெரும்பாலும் சரியாகக்கூடிய நிலைகள்தான். ஆனால் இது கடைசியில் வெளியே வரும்போது நேராகக் குடும்பக் கூட்டத்துக்குப் போய்விடுகிறது, டாக்டரிடம் போவதில்லை. “அவன் ஆம்பளையே இல்லை” என்ற வார்த்தை ஒருமுறை ஊரில் போய்விட்டால் திரும்ப ஒட்டவைக்க எந்த வழியும் இல்லை. மகளிர் மருத்துவர், சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்), மனநல மருத்துவர், யாரிடமாவது இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். சாலையோர லாட்ஜில் முகாம் போடுகிற வைத்தியர்களிடம் போகாதீர்கள். குழந்தை பிறந்த பிறகு வருகிற இடைவெளியும் சகஜம், அதைப் பேச வாய் வராவிட்டால் ஒரு சீட்டில் எழுதியாவது கொடுங்கள்.

குடி, வெளி உறவு

குடியில் அன்பும் சத்தியமும் வேலை செய்யாது. அது நோய், மருத்துவம் வேண்டும். கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறேன் என்று தினமும் நிறையக் குடிப்பவர் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-ல் பேசுங்கள், இலவசம். கடனை அடைத்துக் கொடுப்பது, ஆபீஸுக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்று பொய் சொல்வது, இதை மனைவியும் அம்மாவும் நிறுத்த வேண்டும். அதில்தான் குடி இன்னும் ஒரு வருடம் ஓடுகிறது.

வெளி உறவு தெரியவந்தால் முதல் வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள், அவர் ஆபீஸ் வாசலில் போய் நிற்காதீர்கள். ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் மன்னிக்க நினைத்தாலும் ஊர் விடாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைக் குற்றம் இல்லை என்று ஆக்கிவிட்டது, ஆனால் விவாகரத்துக்கு இன்னும் காரணம்தான். உறவு முழுசாக முடிந்ததா, உண்மையைச் சொல்கிறாரா, அந்த இரண்டும் இருந்தால் ஒட்டவைக்க முடியும். இல்லாமல் “பழசைக் கிளறாதே” என்று மட்டும் சொன்னால் முடியாது.

அடி விழுந்தால்

இங்கே நான் சேர்ந்து வாழச் சொல்ல மாட்டேன். ஒரு அடி என்றாலும் அதை ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். காயம் பட்டால் மருத்துவமனையில் எப்படிப் பட்டது என்று உண்மையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், “மாடிப்படியில விழுந்துட்டேன்” என்று எழுதவைத்தால் பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக வரும். அவசரம் என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181. 2005-ம் வருடத்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவன் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு, பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆதார், கல்விச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இவற்றின் நகலை அம்மா வீட்டிலோ தோழியிடமோ முன்பே கொடுத்து வையுங்கள்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால்

சிலருக்கு முடியாது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் வழி தெரியாமல் போகாதீர்கள். பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, இரண்டு பக்கப் பெரியவர்கள் முன்னால் ‘தீர்த்துவிட்டோம்’ என்பது விவாகரத்து ஆகாது. சாதி வழக்கம் என்று சொன்னாலும் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதை நம்பி மறுகல்யாணம் செய்துகொண்டு பிறகு சிக்கியவர்கள் உண்டு.

இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் சாதாரணமாக மனு போட முடியாது. இருவரும் சம்மதித்துப் பிரிவது என்றால் 13பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிந்ததுதான். மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் பேசித் தீர்ந்துவிட்டது என்றால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜீவனாம்ச வழக்கு என்றால் 2020-லிருந்து இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் எழுத மறுத்த கணக்கை அங்கே நீதிபதி முன்னால் எழுதுவீர்கள். பல பேர் ஒருவர் சம்பளத்தை ஒருவர் முதல்முறையாகப் பார்ப்பது அந்தத் தாளில்தான்.

நீதிமன்றம் உடனே பிரித்துவைக்காது. 1984-ம் வருடத்து குடும்ப நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வது அவர்கள் கடமை, கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள். அதைச் சடங்காக நினைத்து உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். அந்த அறையில் சொந்தக்காரர்கள் இல்லாமல் இருவரும் பேசுகிற வாய்ப்பு, சிலருக்குப் பல வருடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் கிடைக்கிறது. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிவதே சரி என்றால் குழந்தை விஷயத்தை வக்கீல் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பேசுங்கள். பொங்கல் யாரோடு, முழுப் பரீட்சை லீவு யாரோடு, காய்ச்சல் வந்தால் யார் யாருக்குச் சொல்வது, பீஸ் யார் கட்டுவது, இவ்வளவு சின்னதாக எழுதுங்கள். குழந்தையைப் பார்க்கப் போகும் நாளில் மற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காதீர்கள், குழந்தையிடம் செய்தி சொல்லி அனுப்பாதீர்கள், சொல்ல வேண்டியதை நீங்களே மெசேஜில் அனுப்புங்கள். நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று: ஸ்கூல் டைரியின் முதல் பக்கத்தில் இரண்டு பேர் போன் நம்பரும் இருக்கட்டும்.